முழங்கால் உயரத்தில் ஒரு சன்னல்

டொக். டொக், டொக். முன்கட்டுல ஆரம்பிச்சிட்டா. ஒம்பது மணிக்கு வந்தவ, குடுத்த காப்பியில பாதிய வச்சிட்டு எந்திரிச்சா, சின்னச் சுத்தியல எடுத்தா, இந்தா இப்ப சுவர் சுவராத் தட்டிக் காத வச்சுக் கேட்டுக்கிட்டு வாரா. டாக்டர் முதுகுல தட்டிப் பாக்காருல்ல, அந்த மாதிரி. பெனிட்டான்னு பேரு, நாகர்கோயில் பிள்ள, மெட்ராஸ்ல ஆர்க்கிடெக்ட். பழைய கட்டடத்தப் பழையபடி ஆக்குதது அவ வேலையாம். பழையபடின்னா எந்தப் பழையபடின்னு வந்த அன்னைக்கே கேட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணும்மா, அப்படின்னா. இந்த வேங்கைமடை பங்களா கட்டி முடிச்ச வருசம். வாங்குத கம்பெனிக்காரன் அப்படித்தான் கேட்டிருக்கானாம். ஓட்டல் நடத்தப் போறான், வந்து தங்குதவன் பதினொண்ணப் பாக்கத்தான் வருவானாம், அதுக்குப் பொறவு வந்ததெல்லாம் போயிரணுமாம். அவ கையில வீட்டுப் படம் இருக்கு, பாய் அகலத் தாளு. நீலப் பென்சில் போட்டா இருக்கும், சிவப்புப் பென்சில் போட்டா இடிப்பாக. ரெண்டு நாளா சிவப்பத்தான் சீவிச் சீவிப் போட்டுக்கிட்டிருக்கா. கக்கூஸ் சிவப்பு. கொல்லப்பக்கத் தகரக் கூரை சிவப்பு. கூடத்துச் சிமிண்டுத் தரை சிவப்பு. எனக்கு அறுவத்திரெண்டு வயசு, பதினொண்ணுல நானும் இல்ல, என் மேலயும் ஒரு கோட்டப் போட்டுட்டுப் போயிர வேண்டியதுதான்.

போட்டா போடட்டும். எனக்கு இந்த வீட்டு மேல பெரிய ஆசையெல்லாம் கெடையாது, யாரும் அப்படி நெனைக்க வேண்டாம். மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வவ்வால் நாறும். என் வீட்டுக்காரக அண்ணன்மாரு பிள்ளைக எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, நானும் போட்டாச்சு, பத்து நாள்ல மக செண்பகம் வந்து என்னக் கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருவா. டிரங்குப் பெட்டி, பாத்திரம், ரேசன் கார்டு, பேங்க்குப் பொஸ்தகம் எல்லாம் போன வாரமே வண்டியில போயிருச்சு. மிச்சம் இருக்கது நானும் இந்த நாற்காலியும் இந்தச் சன்னலுந்தான். நாற்காலிய எடுத்துட்டுப் போயிரலாம். சன்னல எப்படி எடுத்துட்டுப் போக. உள்கட்டுல, பொம்பளைக இருக்க பக்கம், மேற்கச் சுவத்துல இந்த ஒரே ஒரு சன்னல். பதினொண்ணுல இது கெடையாது. அது இந்த உலகத்துல எனக்கு மட்டுந்தான் நேர்ல தெரியும். தெரிஞ்ச மத்தவுக எல்லாம் மண்ணுக்குள்ள போயாச்சு. அவ வருவா, கேப்பா, ஆதியிலயே இருந்துச்சான்னு. இல்லன்னு சொன்னா சிவப்பு. செங்கல வச்சு அடைச்சுச் சுண்ணாம்பு பூசி, சன்னல் இருந்த தடமே தெரியாமப் பண்ணிருவாக. செண்பகத்துக்கிட்ட போன்ல சொன்னேன். அவ சிரிக்கா. அம்மா, இதுல என்னம்மா இருக்கு, ஆதியிலயே இருந்துச்சின்னு சொல்லிரு, யாருக்குத் தெரியப் போகுது, அப்படின்னா. அவ சொன்னதும் சரிதான். சொல்லிரலாம். ஒரு வார்த்தை. நேத்து ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், சொல்லிரணும்னு. அப்புறம் என்னத்துக்கு இந்த டொக் டொக்கு எத்தனை அறை தள்ளிக் கேக்குதுன்னு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

இந்தச் சுவர் ரெண்டரை அடி கனம். கட்டினவரு இவுக பாட்டையா, அதான் என் வீட்டுக்காரகளோட தாத்தா, முன்கட்டுல படமா மாட்டியிருக்காரே, மீசையோட, நாற்காலியில இடிச்ச புளி மாதிரி உக்காந்துக்கிட்டு, அவருதான். வெயில் தாங்கத்தான் அப்படிக் கட்டினாருன்னு பெனிட்டா நோட்டுல எழுதிக்கிட்டா. வெயிலாவது ஒண்ணாவது. பொம்பளைக பேசுத சத்தம் வெளிய கேக்கக்கூடாது, அதுக்காகக் கட்டினது. கல்யாணமான மறுநா என் ஓரகத்தி அத ஒரு பெருமையாத்தான் எங்கிட்ட சொன்னா. ஜமீன் வீட்டுல பொம்பளைகளுக்குக் கோஷா. ஆம்பளைக கண்ணுல படக்கூடாது, ரோட்டப் பாக்கக்கூடாது, ரோடும் நம்மளப் பாக்கக்கூடாது. வெளிச்சம் வேணும்னா முத்தத்துல நின்னு அண்ணாந்து வானத்தப் பாத்துக்கிடணும். எங்க அப்பா வீடு ராஜபாளையத்துல தெரு மேல இருந்துச்சு, வாசல்ல உக்காந்து பூக்கட்டிக்கிட்டே போற வாரவளோட வாயாடின கழுத நான். இங்க வந்து பத்தொம்பது வயசுல வானத்துல ஒரு சதுரத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ஒரு வருசத்துல பேச்சே நின்னு போச்சு. யாரும் கவனிக்கல. அடக்கமான மருமகன்னு மாமா, அதான் இவுக அப்பா, தெக்க இருந்து வந்த சொந்தக்காரங்கிட்ட சொன்னாராம். அடக்கமா. நெஞ்சு அடைச்சுப் போயிக் கெடந்தேன்யா. கவனிச்சது இவுக ஒருத்தருதான்.

இவுக. பாரு, இப்பக்கூட இவுகன்னுதான் மனசுக்குள்ளயும் வருது. செத்து நாலு வருசம் ஆச்சு. புருசன் பேரச் சொன்னா அவுக ஆயுசு கொறையும்னு எங்க பக்கத்துல பழக்கம், சொன்னதே இல்ல. செண்பகம் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நர்ஸ் கேட்டா, புருசன் பேர் என்னன்னு, நான் வாயத் தெறக்காமச் சீட்ட நீட்டினேன். ரேசன் கடையில கார்ட நீட்டுவேன். அந்தப் பேருக்குள்ள ஒரு அம்மன் பேரும் இருக்கா, கோயிலுக்குப் போனா அம்மன் பேரையும் சொல்ல முடியாது, தாயேன்னு கும்பிட்டுட்டு வந்துருவேன். அந்த அம்மன் பேர்லயே ஒரு பிள்ள வீட்டு வேலைக்கு வந்தா, ஏ சின்னவளேன்னு பத்து வருசம் கூப்பிட்டேன், அவளுக்குக் கோவம், என் பேரச் சொல்லக்கூட ஒங்களுக்கு வாய் வலிக்கோன்னு கேட்டா. என்னத்தச் சொல்ல. ஆயுசு என்ன கூடியா போச்சு, சொல்லாம இருந்ததுல, அறுவத்தெட்டுல போயிட்டாக. இன்னொரு கூத்து, இவுகளாலயும் தன் பேரச் சொல்ல முடியாது. திக்குவாய். மொத எழுத்துலயே நின்னுக்கிடும், கழுத்து நரம்பு பொடைச்சுக்கிட்டு வரும், கேட்டவன் தலையக் குனிஞ்சுக்கிடுவான். அப்பா கூப்பிடுதது டேய். அண்ணன்மாரு கூப்பிடுதது சின்னவன். வேலைக்காரங்க சின்ன எசமான். நான் சொல்லக்கூடாது, அவுகளால முடியாது. அப்ப அந்தப் பேர யாருதான் சொன்னா. வச்ச அன்னைக்குக் காதுல மூணு தடவ சொல்லியிருப்பாக, அதோட சரி.

டொக், டொக். கூடத்துக்கு வந்துட்டா. இன்னும் ரெண்டு அறை இருக்கு. அன்னைக்கு ஒருநா நான் இதே எடத்துல தரையில உக்காந்து அரிசியில கல்லு பெறக்கிக்கிட்டிருந்தேன். இவுக ஒரு சணல் கயிறோட வந்தாக. தரையில ஒரு நுனிய வச்சு, என் கண்ணு மட்டத்துக்கு இழுத்து, ஒரு முடிச்சுப் போட்டாக. என்னத்துக்கு அளக்காகன்னு நான் கேக்கல, கேட்டா பதில் சொல்லக் கஷ்டப்படுவாகளேன்னு. மறுநா வியாழக்கெழம. மாமா ஒரு கேசு விசயமாத் திருநவேலிக்குப் போயிட்டாரு, வர சனிக்கெழம ஆகும். கார் கேட்டத் தாண்டின சத்தம் அடங்கல, இவுக கடப்பாரையோட உள்ள வந்து நிக்காக. கொத்தனாரக் கூப்பிட்டாகளாம், பெரிய எசமானுக்குப் பயந்து அவன் வரமாட்டேன்னுட்டான். ரெண்டாவது அப்பளம் வேணும்னு அப்பா முன்னால கேக்கத் தெரியாத மனுசன். பென்சில் சீவத் தெரியாது. கடப்பாரைய எங்க பிடிக்கணும்னே தெரியல. மொத அடியில கடப்பாரை எகிறிக் கால் நகம் போச்சு. ஓரகத்தி ஓடி வந்து பாத்துட்டு, ஐயோ, பைத்தியம் பிடிச்சிருச்சின்னு கதவச் சாத்திக்கிட்டா. மூணு நாள். வியாழன், வெள்ளி, சனி. ரெண்டரை அடி. வெள்ளிக்கெழம மத்தியானம் கையெல்லாம் கொப்பளம், சோத்தப் பெசைய முடியல, நான் பெசைஞ்சு ஊட்டி விட்டேன். கல்யாணமாகி ரெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் எனக்கு இவுக மேல ஆசை வந்துச்சு. சொன்னா என்ன, இப்ப வெக்கப்பட யாரு இருக்கா. சனிக்கெழம காலையில ஒரு செங்கல் வெளிப்பக்கமா விழுந்துச்சு, ஒரு விரல்கட வெளிச்சம் என் மடியில வந்து விழுந்துச்சு, நான் அழுதேன். இவுக பயந்து போயிட்டாக, அ, அ, அடைச்சிரவான்னு கேட்டாக.

சட்டத்துக்கு எங்க போக. இடிஞ்ச குதுர லாயத்துல ஒரு தேக்குச் சட்டம் கெடந்துச்சு, அதுவும் பதினொண்ணுல செஞ்சதுதான். கோயிலுக்கு வெள்ளையடிக்க வச்சிருந்த சுண்ணாம்ப எடுத்துப் பூசினாக. அதனாலதான் சொல்லுதேன், பெனிட்டா எத்தனை தட்டு தட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது, மரம் அந்த மரம், சுண்ணாம்பு அந்தச் சுண்ணாம்பு. ஒரே ஒரு தப்புத்தான். அளந்தது நான் தரையில உக்காந்திருக்கையில. பொம்பளைக உள்கட்டுல எப்பவும் உக்காந்திருக்கதத்தான் பாத்த மனுசன், பொம்பள எந்திரிச்சு நிப்பான்னு நெனைப்பே வரல. சன்னல் முழங்கால் உயரத்துல ஆரம்பிச்சு நெஞ்சுக்குக் கீழ முடிஞ்சு போச்சு. நின்னா ஒண்ணும் தெரியாது, குனிஞ்சு குனிஞ்சு பாக்கணும். வேலை முடிஞ்சு நான் எந்திரிச்சு நின்னேன், அப்பத்தான் இவுகளுக்கே தெரிஞ்சுது. மொகம் செத்துப் போச்சு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஒரு வருசங்கழிச்சு என் வாயில சத்தம் வந்துச்சு. சாயங்காலம் மாமா வந்தாரு. உள்கட்டுக்குள்ள வந்து சன்னலப் பாத்தாரு, இவுக கையப் பாத்தாரு. அடைடா, அப்படின்னாரு. இவுக கழுத்து நரம்பு பொடைக்குது, சரின்னு சொல்லத்தான் தெணறுதாகன்னு நெனைச்சேன். மாட்டேன். திக்கல. ஒரே மூச்சுல, தெளிவா. மாட்டேன். அதுக்கப்புறம் மாமா செத்துப் போற வரைக்கும் பதினோரு வருசம் இவுகளோட பேசல, பந்தியில கூட உக்கார வைக்கல. இவுக இங்க, இந்தச் சன்னல் பக்கத்துல எங்கூட உக்காந்துதான் சாப்பிட்டாக. அதுல இவுகளுக்கு ஒண்ணும் நட்டமில்ல, ரெண்டாவது அப்பளம் நான் கேக்காமலே போடுவேன்.

அப்புறம் நாப்பது வருசம். வேலிக்கு அங்கிட்டு ரோடு, ரோட்டுக்கு அங்கிட்டு பஸ் ஸ்டாப், அதுக்கு மேல மலை. பஸ் ஸ்டாப்ல நிக்க ஒவ்வொரு ஆளையும் எனக்குத் தெரியும், அவுகளுக்கு என்னத் தெரியாது. தெனம் பதினொண்ணே முக்கால் பஸ்ஸ விட்டுருவோமோன்னு ஓடி வாரவ ஒருத்தி இருந்தா, மத்தியானப் பள்ளிக்கூடத்து டீச்சரு, அவளுக்காக நான் உள்ள இருந்து ஓடு ஓடுன்னு பல்லக் கடிச்சிருக்கேன். அவளுக்குக் கல்யாணம் ஆச்சு, வயிறு தெரிஞ்சுது, ரிட்டையரும் ஆயிட்டா. ஒருத்தர் கூட இங்கிட்டுத் திரும்பிப் பாத்ததில்ல. முழங்கால் உயரத்துல ஒரு சன்னல், அதுக்குள்ள ஒரு மூஞ்சின்னு யாருக்குத் தோணும். கோஷாவெல்லாம் மாமாவோட போயிருச்சு, நான் கடைத்தெருவுக்கும் போனேன், ரேசனுக்கும் போனேன், ஆனா பாக்கணும்னா இங்க வந்து உக்காந்துதான் பாப்பேன். மூட்டுவலி வந்து தரையில உக்கார முடியாமப் போனப்ப, இவுக ஒரு நாற்காலியோட காலு நாலையும் ரம்பத்தால அறுத்துக் குடுத்தாக. சன்னல ஒசத்துதத விட்டுட்டு நாற்காலியத் தணிச்ச மனுசன். அந்த நாற்காலியிலதான் இப்ப உக்காந்திருக்கேன்.

டொக். அடுத்த அறை. சொல்லிரணும். ஆதியிலயே இருந்துச்சு. அஞ்சாறு தடவ சொல்லிப் பாத்துட்டேன். சொன்னா சன்னல் இருக்கும், நான் போன பொறவும் இருக்கும், மெட்ராஸ்காரி எவளாவது வந்து மலையப் பாப்பா. ஆனா மூணு நாள் இருக்காது. கடப்பாரை இருக்காது, கொப்பளம் இருக்காது, மாட்டேன் இருக்காது. இவுக ஆயுசுக்கும் செஞ்ச காரியம் ஒண்ணே ஒண்ணு, அத நானே வாயால அழிச்ச மாதிரி ஆயிரும். சரி, உள்ளதச் சொல்லுவோம்னா, இவுக செஞ்சது இருக்கும், ஒரு பேச்சா, அவ நோட்டுல ஒரு வரியா, சன்னல் போயிரும். சுவத்துல ஒரு அடைப்பு. செங்கல ஒவ்வொண்ணா எடுத்த எடத்துல ஒவ்வொண்ணாத் திருப்பி வைப்பாக. மாமா சொன்ன அடைடா, இத்தனை வருசங்கழிச்சு, நான் சொல்லி நடக்கும். அய்ய, அது வேண்டாம். பொய்யே சொல்லிருவோம். எனக்கு இவுகளத் தெரியும், அது போதாதா, ஊருக்கு எதுக்குத் தெரியணும். போதும். போதுமா. கோயம்புத்தூர்ல ஆறாவது மாடியாம், சன்னல் எம்புட்டுப் பெருசுன்னு செண்பகம் கைய விரிச்சுக் காட்டுதா, அங்க உக்காந்து இத நெனைச்சுக்கிட்டே இருப்பேன். நான் செத்தா அதுவும் போச்சு. சத்தம் நின்னு போச்சே. வந்துட்டாளா.

வந்துட்டா. மூக்குக் கண்ணாடியில சுண்ணாம்புத் தூசி, தலையிலயும் தூசி, நரைச்ச மாதிரி இருக்கா. அம்மா, ரொம்ப நேரமாக் காத்திருக்கீங்களான்னு கேக்கா. தாளத் தரையில விரிச்சா. சன்னலச் சுத்தித் தட்டினா, சட்டத்தத் தடவிப் பாத்தா, நகத்தால சுண்ணாம்பச் சுரண்டி ஒள்ளங்கையில வச்சுத் தேய்ச்சா. அப்புறம் அந்தக் கேள்வி. அம்மா, இது ஆதியிலயே இருந்ததா? ஆமா தாயி, ஆதியிலயே இருந்துச்சு. சொல்லிட்டேன். ஒண்ணும் ஆகல, கூரை இடிஞ்சு விழல. அவ நீலப் பென்சில எடுத்து ஒரு கட்டம் போட்டா. அம்புட்டுத்தான். இதுக்கா ரெண்டு நாளாத் தூங்காமக் கெடந்தேன். அப்பாடான்னு முந்தானையால மொகத்தத் தொடைக்கேன், அவ எழுதிக்கிட்டே இருந்தவ நிமிந்து பாக்கா. இவ்வளவு தாழ்வா எதுக்கு வச்சாங்கன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டா. சடக்குன்னு தரையில சம்மணம் போட்டு உக்காந்தா. வெளிய பாத்தா. மலையப் பாத்தா, பஸ் ஸ்டாப்பப் பாத்தா. அம்மா, அப்படின்னு மெதுவாச் சொல்லுதா, இது தப்பில்லம்மா, தரையில உக்காந்தா கண்ணுக்கு நேரா வருது. வெளிய இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது, உள்ள இருக்கிற பொம்பளைங்க மட்டும் பாக்கலாம். அந்தக் காலத்துலேயே பொம்பளைங்களுக்காக இவ்வளவு யோசிச்சிருக்காரே உங்க பாட்டையா. எவ்வளவு பெரிய மனசு. இத ஒரு பலகையில எழுதி இங்கேயே வச்சிருவோம்மா, அவர் பேரோட.

அவர் பேரோட. முன்கட்டுல மீசையோட உக்காந்திருக்காரே, அவர் பேரோட. ரெண்டரை அடி வச்சு எங்க வாய அடைச்சவரு பேரோட. எனக்கு எங்க இருந்து வந்துச்சோ அந்தக் கோவம், காலு வெட்டின நாற்காலியில இருந்து எப்படி எந்திரிச்சேன்னே தெரியல. அழி தாயி, அழி அத, அப்படின்னேன். அவ முழிக்கா. பெரிய மனசுமில்ல ஒண்ணுமில்ல, அந்த ஆளு இத வைக்கல, பதினொண்ணுல இங்க சன்னல் கெடையாது, நான் பொய் சொன்னேன். என் வீட்டுக்காரக கடப்பாரைய வச்சு ஒடைச்சது. மூணு நாளு. கொத்தனார் வரல, இவுகளே ஒடைச்சாக. தாழ்வா இருக்கது யோசனையில்ல, தப்பு, நான் உக்காந்திருக்கப்ப அளந்துட்டாக. சொல்லச் சொல்ல எனக்கு அழுகையும் வருது சிரிப்பும் வருது. பெனிட்டா பென்சிலக் கீழ வச்சா. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சா. அப்புறம், அம்மா, அப்படின்னா இது சிவப்பாயிருமே, ஆபீசுக்கு அனுப்பினப்புறம் என்னால மாத்த முடியாதும்மா, அப்படின்னா. வேணும்னா நீங்க சொன்னத நான் கேக்கவே இல்லன்னு வச்சுக்கிடுதேன்னும் சொன்னா. ஊர்ப் பேச்சு வந்துருச்சு அவளுக்கு. நல்ல பிள்ள. சன்னலப் பாத்தேன். வெளிச்சம் தரையில கட்டமா விழுந்து கெடக்கு. ஆவட்டும் தாயி, சிவப்பே போடு, அப்படின்னேன். ஆனா பக்கத்துல எழுது. யாரு ஒடைச்சாக, என்னைக்கு ஒடைச்சாகன்னு எழுதிட்டு அடைங்க. அவ சிவப்புப் பென்சில எடுத்தா. சரிம்மா, எழுதுதேன், அவங்க பேரு என்ன?

கை தானா இடுப்புக்குப் போகுது, கார்டத் தேடி. கார்டு கோயம்புத்தூர்ல இருக்கு. வீட்டுல இவுக பேர் எழுதின ஒரு துண்டுத் தாள் இல்ல. அவ பென்சிலோட பாத்துக்கிட்டே இருக்கா. வாயத் தெறக்கேன், மொத எழுத்துலயே நின்னுக்கிடுச்சு, தொண்டையில நரம்பு பொடைக்குது. ஓ, இப்படித்தான் இருந்துச்சா ஒங்களுக்கு, ஆயுசுக்கும், பேச ஆரம்பிக்குத ஒவ்வொரு வாட்டியும். தெரியாமப் போச்சேய்யா எனக்கு. காத்துத்தான் வந்துச்சு. என்னம்மான்னு பெனிட்டா குனியுதா. வெளிய பதினொண்ணே முக்கால் பஸ்ஸுக்கு ஆளு நிக்காக. சன்னல்கிட்டப் போயி ரெண்டு கையையும் கட்டையில ஊனிக்கிட்டுக் குனிஞ்சேன். மாட்டேன்னு ஒரே மூச்சுல சொன்னாகளே, அந்த மூச்ச நெனைச்சுக்கிட்டேன். கோமதிநாயகம். சத்தமா வந்துச்சு. கோமதிநாயகம்னு இன்னொரு தடவ சொன்னேன். பஸ் ஸ்டாப்ல நின்ன ஒரு ஆளு திரும்பி இந்தச் சன்னலப் பாத்தான்.